ஓடைக்கு அக்கரையில் விட்டுவந்த மருந்து

அன்பான விசுவாசிகளே, என் மகள் மூச்சுக்குத் தவித்தபோது அவளுடைய மருந்து ஓடைக்கு அக்கரையில் இருந்தது. அதை அங்கே விட்டுவிட்டு வந்தவன் நான்தான். இதை மறைத்துவிட்டு என்னால் சாட்சி சொல்ல முடியாது.

2006 ஆகஸ்ட். அப்போது தெலுங்கு நாட்டில், ஹப்சிகுடா என்ற இடத்தில் குடியிருந்தோம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மென்பொருள் கம்பெனியில் பிராஜெக்ட் லீட் வேலை. எதற்கும் ஒரு பட்டியல் போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது. எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து கோதாவரிப் பக்கக் காட்டுக் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போக முடிவானதும் ஏற்பாடுகளை என் தலையில் கட்டினார்கள். நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் செய்வதுபோலவே விதிகளை அச்செடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். அதில் ஒன்று, யாரும் மருந்தைத் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் இருக்க வேண்டும் என்பது.

மகள் ஜெனிக்கு ஏழு வயது. வீசிங் உண்டு. என் மனைவி மெர்சி தயங்கினாள். “பிள்ளைய எதுக்குங்க காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போணும்?”

“ஊழியத்துக்குத்தானே போறோம். கர்த்தர் பாத்துக்கிடுவாரு” என்று அவள் வாயை அடைத்தேன். அதை அன்று விசுவாசம் என்று நினைத்தேன். வெறும் வீம்பு.

முதல் கிராமத்தில் காலையில் ஜெனிக்கு நீல நிற இன்ஹேலரை அடித்துவிட்டு, விதிப்படி பெட்டிக்குள் போட்டேன். பக்கத்துக் குடிசைப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஜெனி உட்கார ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டாள். நான் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. போட்டோ எடுப்பதில் மும்முரமாக இருந்தேன். கிளம்பும்போது எங்கள் போதகர் ஜெபம் செய்து, மருந்துப் பெட்டியை அப்படியே அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரின் கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

டிராக்டரில் ஏறினோம். வழியில் ஒரு ஓடை. கணுக்கால் அளவுதான் தண்ணீர். தாண்டி அடுத்த கிராமம் போய்ச் சேர்ந்து மதியம் சாப்பிட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பிற்பகலில் ஜெனியின் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மெர்சி பைகளையெல்லாம் தரையில் கொட்டினாள். “எங்க வச்சீங்க? சொல்லுங்க, எங்க வச்சீங்க?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியோடு அதுவும் பள்ளி ஆசிரியரின் கைக்குப் போய்விட்டது. சட்டைப்பையில் அந்த விதித்தாள் நனைந்து ஒட்டிக்கிடந்தது.

ஓடையைப் பார்க்கப் போன டிராக்டர்காரர் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார். ஓடையில் வெள்ளம், வண்டி போகாது. செல்போனில் சிக்னல் இல்லை. ஜெனியின் உதடு வெளுத்துவிட்டது. “டாடி, ஊபிரி ராவட்லேது” என்றாள். மூச்சு வரவில்லை என்கிறாள். அவள் வாயில் முதலில் வருவது பள்ளிக்கூடத் தெலுங்குதான். தமிழில் பேசு என்று எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்! அன்று எந்த மொழியிலாவது பேசிக்கொண்டே இருக்க மாட்டாளா என்று ஏங்கினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

எல்லோரும் சத்தமாக ஜெபித்தார்கள். சபையில் அரை மணி நேரம் மூச்சுவிடாமல் ஜெபிக்கிறவன் நான். அன்று எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. சேற்றில் முழங்கால் போட்டு, “இயேசப்பா, நான் தப்புப் பண்ணிட்டேன். பிள்ளைய விட்டுருங்கப்பா” என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மெர்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெனியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஒருவர் மழையில் நடந்து வந்தார். உடம்பெல்லாம் சேறு. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உள்ளே பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய நீல இன்ஹேலர்.

நான் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். நன்றிகூடச் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு என்று அடித்துவிட்டுக் காத்திருந்தோம். நெடுநேரம் கழித்து ஜெனி மெர்சியின் தோளில் சாய்ந்து, “மம்மி, தண்ணி” என்றாள். நான் வாய்விட்டு அழுதேன்.

வந்தவர் பெயர் கங்கய்யா. பலகை போட்ட பெண்ணின் கணவர். அவர் தெலுங்கில் சொன்னதைப் போதகர் எங்களுக்குச் சொன்னார். ஆசிரியர் பெட்டியைத் திறந்ததும் கங்கய்யாவின் மனைவி ராமுலம்மா இன்ஹேலரைப் பார்த்துவிட்டாள். இது அந்தப் பாப்பாவுடையது, உடனே கொண்டுபோய்க் கொடு என்று நிற்கவிடாமல் துரத்தியிருக்கிறாள். காட்டுக் குறுக்குவழியில் வந்து, கழுத்தளவு தண்ணீரில் ஓடையைக் கடந்திருக்கிறார்.

எப்போது கிளம்பினார் என்று கேட்கச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே என்றார். அப்போது மழைகூட இல்லை. ஜெனி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ஜெபிக்கவே ஆரம்பிக்கவில்லை.

அவர்களுக்குக் கர்த்தரைக் காட்டப் போகிறேன் என்று கிளம்பியவன் நான். கர்த்தர் அவர்களை அனுப்பி என் பிள்ளையைக் காப்பாற்றினார். அவருக்கே கோடி ஸ்தோத்திரம். இப்போதும் வருடாவருடம் போகிறோம். தாள் அச்செடுப்பதில்லை. முதலில் ராமுலம்மா வீட்டில் போய் உட்காருவோம். வளர்ந்துவிட்ட ஜெனி அவளோடு தெலுங்கில் மணிக்கணக்காகப் பேசுவாள். நான் பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கேட்டதெல்லாம் கேட்டபடியே கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று ஜெபிக்கக்கூட வார்த்தை வராமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் இங்கே இருந்தால், வெறும் கையோடு முழங்கால் போடுங்கள். உங்களுக்கு உதவி செய்கிறவர் நனைந்தபடி பாதி வழி வந்திருப்பார்.