இருபத்து மூன்று பெட்டி கூடுதல்

"அக்கா, முன்னூறு ஆயிடுச்சு. அண்டாவுல சோறு இன்னும் இருக்கு," என்றாள் மூடிக்காரி.

"நல்லா எண்ணினியா?"

"பத்துப் பத்தா முப்பது அடுக்கு. நான் மூடி போடுறவ, கோட்டை விடுறவ இல்ல."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிரப்பும் மேசைக்கு வந்தாள். நீளமான எஃகு மேசை. ஒரு முனையில் அண்டாவும், வேலைக்கு வந்து ஒன்பது நாளே ஆன ஒரு பெண்ணும். எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றார்கள். மறுமுனையில் மூடிக்காரி. இருவருக்கும் ஒரே நாடு, ஒரே பாஷை. சண்டையில் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். மூடிக்காரி வந்து மூன்று வருடமாகிறது. இந்த ஊர்ப் பேச்சை மட்டுமல்ல, பழமொழிகளையும் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றைச் சரியான இடத்தில் சொல்வதுதான் இன்னும் கைவரவில்லை. புதுசுக்குத் தெரிந்தது 'சூடு', 'போதும்', 'அக்கா' என்ற மூன்றே வார்த்தைகள்.

மீதியையும் பெட்டியில் நிரப்பிப் பார்த்தார்கள். அண்டா காலியானபோது மொத்தம் முன்னூற்று இருபத்து மூன்று.

"கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொடுக்கும்!" என்று மூடிக்காரி இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

அக்காவுக்கும் ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது. கேட்டிருந்தாளே! மூன்று நாளாகக் காலையில் அடுப்பு மூட்டும் முன், சோறு குறையக் கூடாது என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தாள்!

இந்த முன்னூறு பெட்டியும், பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் வாய்ப்புக்காக. மூன்று நாள் பரீட்சை. பெட்டிக்கு முன்னூற்றைம்பது கிராம் காய்கறிச் சோறு, ஆவி பறக்க, பன்னிரண்டு மணிக்குள். தேறினால் நிரந்தர ஆர்டர். வேலை கேட்டுக் காத்திருக்கும் நான்கு பெண்களுக்கும் இடம் கிடைக்கும். தேறாவிட்டால் இருக்கிற ஒன்பது பேரில் மூன்று பேரை நிறுத்த வேண்டும். வழக்கமாகச் சாப்பாடு வாங்கிய துணி ஆலை போன மாதம் மூடிவிட்டது. இன்று மூன்றாவது நாள்.

ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அக்கா, ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவப் போய், பிறகு அங்கேயே பதினாறு வருடம் சமைத்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "எங்க அண்ணி வாயைத் திறக்கணும்னா கடவுளே இறங்கி வரணும்" என்பாள் அவள் நாத்தனார். ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

பிரார்த்தனைக் கூடத்தில் வாரம் ஒருமுறை எல்லோருக்கும் சாப்பாடு போடுவார்கள். அக்கா எப்போதும் அண்டாவுக்குப் பின்னால்தான் நிற்பாள். ஒரு வாரம் அகதிக் குடும்பங்கள் நிறைய வந்து, வரிசை முடியும் முன்பே சோறு முடிந்துபோனது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், வரிசையிலிருந்து ஒருத்தி வந்து கரண்டியை வாங்கினாள். அடிப்பிடித்ததைப் பதமாகச் சுரண்டினாள், இருந்த குழம்பில் பிசைந்தாள், ஐந்து தட்டு தேற்றினாள். அவள்தான் இந்த மூடிக்காரி. அக்கா அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னது ஒரே விஷயம்: "பசிச்சவங்களுக்குக் கொடுன்னு கும்பிடுறோம். கொடுத்துட்டு, அடுத்த வாரமும் அவ வந்து வரிசையிலயே நிக்கணும்னா அது என்ன கும்பிடு?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு அக்கா இரண்டு அடுப்போடு ஆரம்பித்த 'நிறைகை சமையலறை'க்கு இப்போது எட்டு அடுப்பு, ஒரு வேன். கணவர் வேன் ஓட்டுகிறார், நாத்தனார் போன் பேசுகிறாள். ஒவ்வொரு மூடியிலும் ஒரு வரி ஒட்டியிருக்கும். அதுதான் அக்காவின் காலைப் பிரார்த்தனையும்: 'கை குறையாமல் கொடுக்க வை.'

அந்த வரியைத்தான் இப்போது அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பெட்டியை எடுத்துத் தராசில் வைத்தாள். பெட்டி எடை போக முன்னூற்று இருபத்தைந்து. இன்னொன்று. முன்னூற்று இருபத்தைந்து. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். முன்னூற்று இருபத்தாறு.

மூடிக்காரி தூக்கிய கைகளை மெல்ல இறக்கினாள்.

"ஏன்னு கேளு அவளை. திட்டாம கேளு," என்றாள் அக்கா.

அவர்கள் பாஷையில் ஒரு சின்னக் கேள்வி போனது. நீளமான பதில் வந்தது. புதுசு தரையைப் பார்த்தே பேசினாள்.

"முகாம்ல இவதான் சோறு போடுறவளாம் அக்கா. வரிசையில கடைசி ஆளுங்களுக்கு எப்பவும் பத்தாதாம். ஒரு நாள் அப்படி வெறும் தட்டோட திரும்பினது யாருன்னு நினைக்கிறீங்க? இவ மாமியார். அதுலேர்ந்து ஒவ்வொரு தட்டுலயும் ஒரு வாய் குறைச்சு, கடைசி ஆளுக்குச் சேர்த்து வெச்சுக்குவாளாம். இங்கயும் கை தானா குறைச்சிடுச்சாம்." மூடிக்காரி குரலைத் தாழ்த்தினாள். "அந்த மாமியார் இவகூடப் பேசி ரெண்டு வருஷம் ஆகுதாம்."

முதல் இரண்டு நாளும் அக்காவே பக்கத்தில் நின்று நிரப்பினாள். இன்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு பெட்டியைக்கூட எடை போட்டுப் பார்க்கவில்லை. தப்பு யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மணி பதினொன்று பத்து. மருத்துவமனைக்கு இருபத்தைந்து நிமிட ஓட்டம்.

"ஏத்திடலாம் அண்ணி. இருபத்தஞ்சு கிராம்தானே, ஒரு வாய் சோறு. நேத்தும் முந்தாநேத்தும் எடை போட்டுப் பார்த்துட்டாங்க. இன்னைக்கு யார் பார்க்கப் போறா?" என்றாள் நாத்தனார்.

"ஆண்டவன் கொடுத்திருந்தா எடை குறையாது. இது முன்னூறு பேர் பெட்டியிலேர்ந்து நாம எடுத்தது."

"முன்னூறையும் பிரிச்சு நிரப்பினா நேரம் போயிடும். ஆர்டரும் போயிடும்."

"தெரியும்."

"மூணு பேரை நிறுத்தணும். அதை நீங்கதான் அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"தெரியும். போனைக் கொடு."

நாத்தனார் நம்பாமல்தான் கொடுத்தாள். சமையலறை தொடங்கியதிலிருந்து அந்த போனை அக்கா கேட்டதே இல்லை.

"அம்மா, நிறைகையிலேர்ந்து பேசுறேன். சமைக்கிறவ," என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "இன்னைக்குச் சோறு குறைஞ்சிருக்கு. தப்பு எங்களுது. சரி பண்ணிட்டுத்தான் வருவோம்."

மருத்துவமனையின் உணவு அதிகாரி உடனே கேட்டார்: "எவ்வளவு குறையுது?"

"இருபத்தஞ்சு கிராம்."

"ஒரு பெட்டியிலயா?"

"எல்லாத்துலயும்."

மறுமுனையில் பெருமூச்சு. "பன்னிரண்டே காலுக்கு மேல என்னால வாங்க முடியாது. அதுக்குள்ள வந்தாலும் தாமதம்னு எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்கம்மா," என்று சொல்லி வைத்தாள் அக்கா. போனை நாத்தனாரிடம் நீட்டினாள்.

இருப்பதோ ஒரே தராசு. முன்னூறையும் அதில் ஏற்றி இறக்கினால் சாயங்காலம் ஆகிவிடும். அக்கா கூடுதல் பெட்டியில் ஒன்றைத் திறந்தாள். புதுசின் கையில் சின்னக் கரண்டியைக் கொடுத்து, ஒரு வாய் அள்ளித் தராசில் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். போட்டாள். இருபத்தைந்து. மறுபடி. இருபத்தைந்து. மூன்றாம் முறை புதுசு வேறெங்கோ பார்த்துக்கொண்டே போட்டாள். இருபத்தைந்து.

"தராசை விழுங்கிட்டாளா இவ?" என்றாள் நாத்தனார்.

குறைக்கத் தெரிந்த கைக்குக் கூட்டவும் தெரிந்திருந்தது.

வரிசை கட்டினார்கள். இரண்டு பேர் மூடி திறக்க, புதுசு ஒரு வாய் வைக்க, மூடிக்காரி மூட, மற்றவர்கள் சூடு போகாமல் பைகளில் அடுக்க. பத்துக்கு ஒன்றை அக்கா எடை போட்டாள். நாத்தனாரும் போனைத் தூர வைத்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டாள்.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது," என்றாள் மூடிக்காரி, டப்டப்பென்று மூடியை அமுக்கிக்கொண்டே.

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"மூடி வருதே!"

நூற்றைம்பது தாண்டியதும் தராசு முன்னூற்று நாற்பத்தாறு காட்டியது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கூடுதல் பெட்டிகள் பாதிக்குமேல் காலியாகியிருந்தன. புதுசின் கண் அந்தக் காலிப் பெட்டிகள் மேலேயே இருந்தது. கை மறுபடி இறுகத் தொடங்கியிருந்தது. கடைசி ஆளுக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பழைய பயம். அதட்டினால் போகிற பயமா அது?

வேலை செய்பவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த பாத்திரத்திலிருந்து தன் பங்கை எடுத்து, ஒரு பெட்டியில் முழுதாக முன்னூற்றைம்பது நிறுத்து, மூடி, புதுசின் கண்ணுக்கு எதிரே இருந்த அலமாரித் தட்டில் வைத்தாள் அக்கா.

"சொல்லு அவகிட்ட. இது கடைசி ஆளுக்கு. எடுத்து வெச்சாச்சு. இனிமே அவ குறைக்க வேண்டாம்."

மூடிக்காரி சொன்னாள். பழமொழி எதுவும் சேர்க்காமல் சொன்னாள். புதுசு அந்தப் பெட்டியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். தோள் தளர்ந்தது. அடுத்த பெட்டி முன்னூற்றைம்பது. அதற்கப்புறம் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதற்கு முன் நாலு கிராம் குறைந்துபோயிருந்த சில பெட்டிகளையும் தேடிப் பிடித்துச் சரிசெய்தார்கள். வேன் கிளம்பும்போது பதினொன்று நாற்பத்தேழு. அக்காவும் ஏறிக்கொண்டாள். வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கணவர், "நீயா போன்ல பேசின?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பன்னிரண்டு பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உணவு அதிகாரி தானே வந்து ஐந்து பெட்டியை இங்கொன்றும் அங்கொன்றுமாக உருவி எடை போட்டார். 350, 351, 350, 349, 350.

"என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?"

வழக்கமான அக்காவாக இருந்தால் தரையைப் பார்த்திருப்பாள். இன்று நேராகப் பார்த்தாள். "மெஷின் இல்லம்மா. எங்க பொண்ணு ஒருத்தியோட கை."

அதிகாரி எழுதினார். 'பன்னிரண்டு நிமிடம் தாமதம்' என்பது அக்காவுக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதினார். அதைக் காட்டவில்லை.

எட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஆர்டர் கிடைத்திருந்தது, நிரந்தரமாக இல்லை, ஆறு மாதத்துக்கு. பெட்டிகள் இனி பதினொன்றே முக்காலுக்கே வந்துவிட வேண்டும். கடைசியில் இருந்த வரியை நாத்தனார் இரண்டு தடவை உரக்கப் படித்தாள்: 'குறையை நாங்கள் கண்டுபிடிக்கும் முன் தாங்களே சொன்ன முதல் சமையலறை.' யாரையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. காத்திருந்த நான்கு பேரில் இரண்டு பேர் அடுத்த வாரமே வந்தார்கள். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கொதிக்காத தண்ணீரைக் கிளறிக்கொண்டிருந்தாள். முகத்தில் வழிந்த சிரிப்பை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

அன்றிலிருந்து காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நிரப்புகிற முதல் பெட்டி அலமாரிக்குத்தான் போகும். கடைசியில் வருகிற ஆளுக்கு. ஒரு நாள் குழாய் சரிசெய்ய வந்தவர் சாப்பிட்டார். ஒரு நாள் வழி தப்பி வந்த தபால்காரர்.

ஒரு மாதம் கழித்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, வாசலில் ஒரு வயதான அம்மா வந்து நின்றாள். புதுசுக்கு முகம் வெளுத்தது. யாரும் சொல்லாமலே யாரென்று புரிந்தது. புதுசு அலமாரிப் பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அந்த அம்மா உட்கார்ந்து, மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பிறகு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, மருமகளைப் பார்த்து ஏதோ சொன்னாள். புதுசு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னடி சொன்னாங்க?" என்று பதறினாள் அக்கா.

"உப்பு கம்மியாம்!" மூடிக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாமியார் மெச்சின மருமகளும் இல்ல, மருமகள் மெச்சின மாமியாரும் இல்ல!"

"இன்னைக்குத்தான்டி சரியான இடத்துல சொல்லியிருக்க," என்றாள் நாத்தனார்.

அக்கா காலிப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவிடம் போய், தானாகவே வாயைத் திறந்து, "நாளைக்கும் வாங்கம்மா, உப்பு நீங்களே பாருங்க," என்றாள்.