தம்பானூரில் புபுசா

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் போனில் எதையோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஓர் அட்டைப்பெட்டி வாசலுக்கு வந்தது. திறந்தால், மடித்து வைத்த மொறுமொறு வட்டங்கள், உள்ளே கோழியும் கீரை மாதிரி ஏதோ இலையும்.

"டாக்கோ. மெல்லக் கடிங்கப்பா, இல்லேன்னா எல்லாம் மடியில விழும்" என்றாள்.

"இத நான் ஒன் வயசுலயே தம்பானூர்ல தின்னுருக்கேன்."

"சும்மா தள்ளு விடாதீங்க. தம்பானூர்லயா?"

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பன் சொல்வதில் பாதி 'தள்ளு', அதாவது புளுகு. நான் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். கெட்டுப்போய்விட்டதா என்று சோதிக்கிறேன் என நினைத்து அவள் முகம் சுளித்தாள். நான் தேடியது சுண்ணாம்பு வாசனையை. அது இல்லை. அவள் நம்பாவிட்டால் போகட்டும், உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான், மலையாள நாட்டுத் தலைநகரின் ரயில் நிலையப் பகுதியான இந்தத் தம்பானூரில், ஒரு கூரியர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கல் அருகிலேயே ஒரு லாட்ஜில், மூன்று பேருக்கு ஓர் அறை. லாட்ஜுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் முனையில் ஜெபராஜ் அண்ணனின் டிபன் கடை. பாறசாலைக்காரர். பல வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். காலையில் தோசை, ராத்திரி பரோட்டா. இரண்டுக்கும் நடுவில், சாயங்காலம் மட்டும், கல் அவர் மனைவியின் கைக்குப் போய்விடும். அவள் பெயர் மார்த்தா. சர்ச்சில் பெண்கள் அவளை மார்த்தாள் என்று தமிழாக்கியிருந்தார்கள். சொந்த நாடு, உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும் எல் சால்வடோர். முதல் தடவை கேட்டபோது அது கோவா பக்கத்தில் ஏதோ ஊர் என்று நினைத்தேன். "கடற்கரை நல்லா இருக்குமே" என்றுகூடச் சொல்லி வைத்தேன்.

உள்ளங்கையில் மாவை உருட்டி, நடுவில் குழித்து, வேகவைத்து மசித்த வன்பயறும் பாலைத் திரித்து எடுத்த கட்டியும் வைத்து மூடி, இரண்டு கையாலும் தட்டித் தட்டி வட்டமாக்குவாள். அந்தக் கைத்தட்டல் சந்து முழுக்கக் கேட்கும். கல்லில் போட்டால் ஓரத்தில் கசிந்த பால்கட்டி கருகி ஒரு மணம் வரும். அதுதான் புபுசா. பக்கத்தில், வினிகரில் ஊறிய முட்டைகோஸ் ஒரு பிடி. நான் அதைத் தடித்த ஊத்தப்பம் என்று எண்ணி, சாம்பார் கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இது தோசை அல்ல. கையில எடு. கடி."

"பாத்தியா, சாம்பாரு கேக்கான்" என்று ஜெபராஜ் அண்ணன் உள்ளேயிருந்து சிரித்தார். "அவளுக்க நாட்டுல இத ஸ்பூன் வச்சுத் தின்னாலே சண்டைக்கு வருவாளுவ, கேட்டியா."

ஆனாலும் லாட்ஜ்காரர்கள் நாங்கள் விடவில்லை. ஒரு மாதத்துக்குள் புபுசாவுக்கு சாம்பார் என்பது அந்தக் கடையின் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அவளே யாரும் பார்க்காதபோது தொட்டுத் தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அன்றைக்கு எனக்கு ஒன்று கூடுதலாக வந்தது.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்ல வந்தேன். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழுவி, அப்புறம்தான் அரைப்பாள். தோசை மாவு அரைக்கிற அதே கிரைண்டர். சுண்ணாம்பு வெற்றிலைக் கடையிலிருந்து வரும். கடைக்காரர் அவளுக்கு வெற்றிலைப் பழக்கம் இருப்பதாகவே கடைசிவரை நம்பினார். அந்த வேகும் வாசனை எனக்குப் போனக்காட்டைக் கொண்டுவரும். அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான், நான் பிறந்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் லயத்துச் சுவர்களுக்கு வெள்ளையடிப்போம். ஈரச் சுவரில் மூக்கை வைத்து நின்று அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அம்மா அப்போதும் மலைமேல்தான் இருந்தாள். லயத்தில் போன் கிடையாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து விதுரா வழியாக மலையேறிப் போனால்தான் அவள் எப்படியிருக்கிறாள் என்று தெரியும்.

மக்காச்சோளம் கிடைத்தது 'சாலை' என்று பெயருள்ள கடைத்தெருவில், கோழித்தீவனம் விற்கும் கடையில். ஒரு முறை மூட்டை தூக்கக் கூடப் போனேன். கடைக்காரர், "சேச்சிக்கு எத்ர கோழியுண்டு?" என்று கேட்டார். மார்த்தா அக்கா முகம் மாறாமல், "கொறே உண்டு. எல்லாம் லாட்ஜில தாமசம்" என்றாள். நிறைய இருக்கிறதாம், எல்லாம் லாட்ஜில் குடியிருக்கிறதாம். அவர் தலையாட்டிக்கொண்டு எடை போட்டார். கோழிகளில் ஒன்று மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தது.

டாக்கோ சனிக்கிழமை மட்டும். அது தன் நாட்டுப் பண்டமல்ல, வேறு நாட்டாருடையது என்று அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம். கோவளத்திலிருந்து ரயிலுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கேட்டார்கள் என்று ஆரம்பித்தது. மெல்லிய சோள ரொட்டியில் மாட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்து மடித்துத் தருவாள். நாங்கள் அதை 'மடக்கு' என்போம். "அண்ணே, நாலு மடக்கு" என்றால் போதும்.

இவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். தன் நாட்டில் சண்டை நடந்த காலத்தில் அவள் ஊரைவிட்டு வந்து, பனாமாவில் ஒரு துறைமுகக் கேன்டீனில் வேலை பார்த்தாள். அண்ணனின் கப்பல் பழுதாகி அங்கே மாதக்கணக்கில் கிடந்தது. "கப்பலு நேரத்துக்கு நேரா ஆயிருந்தா நான் மாமா மவளத்தான் கெட்டியிருப்பேன்" என்பார் அவர். மார்த்தா அக்கா இந்த வாக்கியம் முழுவதையும் அறிந்தவள். "மாமா மகள் தப்பிச்சா" என்பாள்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில் அவள் நாட்டில் பூகம்பம் வந்தது. இங்கே பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. மலைச்சரிவு ஒன்று வீடுகளின்மேல் இறங்கியது என்று போட்டிருந்தார்கள். அவள் அம்மா தனியாக இருந்த ஊரும் ஒரு மலையடிவாரம்தான். அம்மா வீட்டிலும் போன் இல்லை. அந்தத் தெருவில் ஒரு மருந்துக்கடை, அந்த நம்பர் ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

எங்கள் ஆபீசை ஒட்டி சுலோசனா சேச்சியின் ஐ.எஸ்.டி. பூத். நமக்கு விடியும்போது அங்கே முந்தின நாள் சாயங்காலம் என்பதால் சேச்சி சீக்கிரமே ஷட்டரைத் தூக்கிவிடுவார். மார்த்தா அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று எண்களை அழுத்துவாள். சில நாள் ஒன்றும் கேட்காது. சில நாள் மணி அடித்துக்கொண்டே இருக்கும். "கிட்டும் மோளே. நாளையும் நோக்காம்" என்பார் சேச்சி. அவள் தலையசைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைப்பாள். ஆனால் சாயங்காலம் கைத்தட்டல் கேட்கவில்லை. அண்ணன் அந்த நேரத்திலும் தோசையே போட்டார். நாங்கள் ஏன் என்று கேட்காமல் தின்றோம்.

அப்படி இருக்கையில்தான் குஜராத்தில் பூகம்பம் வந்தது. அதன்பின் ஊரில் வேறு பேச்சில்லை. பஸ் ஸ்டாண்டில் வாளி குலுக்கினார்கள். துணிமணி சேகரித்துக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் சந்துக்கும் வந்தார்கள். அவள் வெளிநாட்டுக்காரி என்பதால் ஒரு பையன் கையை ஆட்டி ஆட்டி, நிலம் எப்படிக் குலுங்கும், வீடு எப்படி விழும் என்று அவளுக்கு விளக்கினான். எனக்கு அவனை நிறுத்த வேண்டும்போல இருந்தது. அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். உள்ளே போய், அண்ணனின் கப்பல் காலத்துக் கம்பளி இரண்டையும் எடுத்து வந்து கொடுத்தாள்.

"சட்டை போதும் சேச்சி" என்றான் பையன்.

"இல்ல. ஆளுகள் வீட்டுக்குள்ள போகாது. பேடி, பயம். வெளியில தான் படுக்கும். குளிரும்" என்றாள்.

பிள்ளைகள் போனபிறகு அவள் சுவரைப் பார்த்து நின்றாள். அவள் கண்முன்னால் யார் வெளியில் படுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக நாங்கள் எதையும் கேட்காமல் இருந்தது ஆறுதல் ஆகியிருக்குமா, பாரம் ஆகியிருக்குமா என்று தெரியவில்லை. அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நேத்து ராத்திரி கட்டில விட்டு எறங்கித் தரையில படுத்துக்கிட்டா. நானும் எறங்கிப் படுத்தேன். வேற என்ன செய்ய?"

அடுத்த திங்கட்கிழமை நான் விதுராவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பையோடு ஆபீசுக்கு நடந்தேன். பூத் கண்ணாடிக்குள் மார்த்தா அக்கா பேசிக்கொண்டிருந்தாள். அவள் மொழியில், மிக வேகமாக. பிறகு பேசுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். மருந்துக்கடைக்காரர் ஆளனுப்பி, அம்மாவையே கூட்டி வந்திருக்கிறார். வெளியே வந்தவள் சேச்சியையும் என்னையும் பார்த்தாள்.

"அம்மை உண்டு. வீடு இல்ல."

சேச்சி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் சந்தில் கைத்தட்டல் கேட்டது. லாட்ஜ் படிகளில் ஆட்கள் இறங்கி வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவள் போக வேண்டும் என்று முடிவு செய்தாள். அண்ணன் சில நாள் முனகினார். "அங்க போயி நான் எந்த பாஷயில பேச?"

"நான் இங்க வந்தப்போ எந்த பாஷ?" என்றாள். அவர் கடையைக் காலி செய்ய ஆரம்பித்தார். கிரைண்டரை எங்கள் லாட்ஜ் முதலாளியே வாங்கிக்கொண்டார். போகும் நாளில் பூத்தின் நம்பரை அண்ணன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கள் யாரிடமும் வேறு நம்பர் இல்லை, அவர்கள் நம்பரைக் கேட்டு வைக்கவும் தோன்றவில்லை.

அந்த நம்பருக்கு இரண்டு கிறிஸ்துமஸ் போன் வந்தது. சேச்சி ஓடிவந்து என்னைக் கூப்பிடுவார். "இங்க நான் தோச போடுகேன் மக்கா. நல்லாத் திங்குதுவ. புளி உண்டு, முட்டைகோஸு உண்டு, காயம்தான் இல்ல" என்றார் அண்ணன். பின்னால் ஒரு கிழவியின் குரலும் மார்த்தா அக்காவின் சிரிப்பும் கேட்டன. தன் அம்மாவுக்குச் சாம்பார் பிடித்துவிட்டது என்று அவள் ரிசீவரைப் பிடுங்கிச் சொன்னாள்.

பிறகு எல்லோர் கையிலும் மொபைல் வந்தது. பூத்தில் ஆள் வருவது குறைந்தது. சேச்சி அதை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். நானும் வேலை மாறினேன், கல்யாணமானது, அம்மாவை மலையிலிருந்து கீழே கூட்டி வந்தேன். சந்தில் அந்தக் கடையும் பக்கத்துச் சுவரும் இடிபட்டு இப்போது லாட்ஜின் கார்கள் நிற்கின்றன. பூத் மூடியபின் வந்த கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கூப்பிட்டார்களா, மணி அடித்ததா, எனக்குத் தெரிய வழியில்லை. நம்பர் மட்டும் மறக்கவில்லை. ஒரு நாள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, ஏதோ தோன்றி, என் மொபைலில் அடித்துப் பார்த்தேன். அப்படியொரு நம்பர் இல்லை என்று ஒரு பெண் குரல் முதலில் மலையாளத்தில் சொன்னது, பிறகு ஆங்கிலத்தில் சொன்னது. பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.