ஐந்து வினாடிப் பொறுமை

எங்கள் கரம்பொன் ஊர் அனோஜினி வீட்டிலிருந்தே பைத்தன் மொழியில் கணினி நிரல் எழுதுபவள். அவளுடைய நிரல் ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்க்கும். மூடச் சொன்னால் மட்டும் மூடாது. நான்கும் முடியும்வரை காத்திருக்க அதைப் பழக்கியவளே அவள்தான். நான்காவதோ வராத பதிலுக்காகக் காத்துக் கிடந்தது.

"அம்மா மாதிரி!" என்று திட்டியபடி, ஐந்து வினாடி பொறுத்து, உள்ளதைச் சேமித்துவிட்டு மூடும்படி மாற்றினாள். நிரல் அடங்கியது.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும், வாசலில் நின்று கதையை முடிக்கத் தெரியாத தாய் அல்போன்சம்மாவுக்கும் அதே சட்டம்.

"வாசல்ல ஐஞ்சு நிமிசம்தான் கதைக்கலாம். பிறகு நான் ஸ்கூட்டியை எடுத்திடுவன்."

"ஓம்," என்றார் தாய்.

அந்த நேரம் பார்த்து அனோஜினி பள்ளிக்கூடச் சிநேகிதியைக் கண்டாள். கதை நீண்டது. திடீரென்று ஹோர்ன் அலறியது. ஸ்கூட்டியின் பின் சீற்றில் ஏறியிருந்த அல்போன்சம்மா எட்டி அதை அழுத்தியபடி கேட்டார்:

"இருவது நிமிசமாச்சு பிள்ளை. நான் எடுக்கட்டோ?"