டிரம்மில் ஓட்டை

ஐந்து பேர் படகின் பின்தட்டில் வரிசையாக உட்கார்ந்து, தலையை இடது தோளில் சாய்த்து வைத்திருந்தார்கள். டைவிங் பழக்கும் மார்க்கோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஆனதும் "சேஞ்ச்" என்றார். ஐந்து தலைகளும் ஒன்றாக வலது தோளுக்குப் போயின. நான் மாலைத்தீவுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கடலுக்குள் இறங்கிவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் செய்யும் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன், மார்க்கோவின் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் போத்தல். காதுக்குச் சொட்டு மருந்து. பாதி வினாகிரி, பாதி ஸ்பிரிட். அவ்வளவுதான். நம் சமையல்கட்டிலும் டிஸ்பென்சரி அலுமாரியிலும் இருக்கிற சாமான்.

அந்த இடத்தில்தான் எனக்கு அது தோன்றியது. இதில் ஒரு போத்தலை இலங்கையில் எங்கள் ஊரான நமுனுகுலைக்குக் கொண்டுபோய் அக்காவின் காதில் விட வேண்டும். எனக்கு ஒன்று தோன்றினால் உடனே செய்துவிட வேண்டும். அது என் குணம். அந்தக் குணத்தால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்தது டைவிங் சென்டரின் கவுண்டருக்கு. விருந்தாளிகளிடம் படிவம் நிரப்பி வாங்க வேண்டும். மூன்று பக்கப் படிவம், அதில் காதைப் பற்றி மட்டும் எத்தனை கேள்விகள். காது வலித்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா, ஒப்பரேஷன் செய்ததா, விமானத்தில் வலிக்குமா? மெல்ல நானும் முங்கப் பழகினேன். இப்போது ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன். காதைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். கடல் தண்ணீர் காதுக் குழிக்குள் தங்கினால் தோல் ஊறிப்போகும். ஊறிய தோலில் கிருமி சுலபமாகப் பிடிக்கும். ஆகவே ஏறியதும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவ வேண்டும், தலையைச் சாய்த்துக் காது மடலை இழுத்து வடிய விட வேண்டும், துவாலை முனையால் வெளியே மட்டும் ஒற்ற வேண்டும். குச்சி, கொண்டை ஊசி, பஞ்சு சுற்றிய ஈர்க்கு, எதையும் உள்ளே விடக் கூடாது. நாம் அழுக்கென்று நோண்டி எடுக்கிறோமே காதுக் குறும்பி, அதுதான் காதுக்குக் காவல். மூக்கடைக்கிற தடிமன் இருந்தால் இறங்கவே கூடாது. இத்தனையும் விடுமுறைக்கு வந்து ஒரு வாரம் மீன் பார்க்கிற ஆட்களுக்கு.

என் அக்கா செல்விக்கு ஒன்பது வயதில் வலது காது ஓடத் தொடங்கியது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள்: காது ஓடுது. சீழ் வடிவதை அப்படிச் சொல்லிவிட்டால் அது மழை பெய்வது மாதிரி, யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டிஸ்பென்சரியில் ஒவ்வொரு தடவையும் அதே மாத்திரையை அதே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் திரும்பவில்லை என்று கடைசி வாங்கில் உட்காரச் சொன்னார்கள், கடைசி வாங்கிலிருந்து அவளுக்கு இன்னும் கேட்கவில்லை, எட்டாம் வகுப்போடு அவள் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து மலையில் அவள் பெயர் செவிடி. இருபது வருஷம். இருபது வருஷத்தில் அந்தக் காதுக்குள் ஒரு ஆள் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை. இங்கே மூன்று பக்கப் படிவத்தை நிரப்பி வாங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மார்க்கோவிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவர் இத்தாலிக்காரர், அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தரம்.

"மை சிஸ்டர்ஸ் இயர் இஸ் ரன்னிங்."

"ரன்னிங்? வேர்?"

"நமுனுகுல" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மரதன் ஓட்டம் என்று நினைத்திருப்பார்.

பிறகு சொட்டு மருந்து கலக்க எனக்கே பழக்கினார். அளவு காட்டினார், போத்தலில் தேதி எழுதச் சொன்னார், கடைசியில் விரலை நீட்டி மிகவும் கண்டிப்பாக ஒன்று சொன்னார்: "இஃப் ஹோல் இன் த டிரம், நோ டிராப்ஸ். நெவர்." எனக்கு டிரம் என்றால் டிரம்தான். சென்டருக்குப் பின்னால் சாமான் கழுவத் தண்ணீர் நிரப்பி வைக்கும் நீல பிளாஸ்டிக் டிரம். எங்கள் லயத்து வரிசையிலும் ஒவ்வொரு காம்பரா வாசலிலும் ஒன்று நிற்கும். சென்டர் டிரம்மில் உண்மையிலேயே அடியில் ஒரு கீறல் இருந்தது. கழுவ நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் மருந்து விட்டும் பிரயோசனமில்லை என்கிறார் என்று நானே ஒரு அர்த்தம் செய்துகொண்டேன். அன்றைக்கே பசை வாங்கிக் கீறலை அடைத்தேன். மறுநாள் நானும் சொட்டு விட்டுக்கொள்ளப் போனபோது அவர் என் காதைக் காட்டிக் கேட்டார்: "யுவர் டிரம் ஓகே?"

"ஓகே. ஐ குளோஸ்ட் த ஹோல்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். என் வேலையை மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

போன புரட்டாசியில் லீவில் வீட்டுக்குப் போனேன். பதுளையில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, லயத்துக்குப் போய்ப் பையைத் திறந்ததும் முதலில் எடுத்தது போத்தலைத்தான். அக்கா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள், அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள்.

"கடலுக்கு அடியில போயிட்டு வர்றவளுக்குக் காதுல தண்ணி போகாதாம். பீலித் தண்ணியில குளிக்கிற எனக்குப் போகுதாம். நல்ல நியாயம்டி."

"போகுங்கா. போனா என்னா செய்யணும்னு அவங்களுக்குத் தெரியும். படு."

"இங்கிலீஷ் மருந்தா?"

"வினாகிரிக்கா."

"அப்ப வெங்காயமும் வெட்டிப் போடு, சம்பலாவே ஆயிரட்டும்."

சிரித்துக்கொண்டேதான் வாங்கில் சரிந்து படுத்தாள். நான் மார்க்கோ மாதிரியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு சொட்டு விட்டேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஐந்து விநாடிகூட ஆகவில்லை. அக்கா கத்தவில்லை. வாங்குப் பலகையைப் பிடித்த கை வெளுத்துப்போனது. எழும்பப் பார்த்தாள், வீடு சுற்றுகிறது என்று அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். "என்னாடி ஊத்துன? நெருப்பா ஊத்துன?" என்று மெல்லக் கேட்டாள். அவளுடைய ஒரு காதை நானே எரித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை பதுளை ஆஸ்பத்திரியில் காது கிளினிக். அக்காவுக்கு ஒரு நாள் பேர் போனது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. அதனால்தான் இருபது வருஷமாக அவள் மலையிறங்கி வரவில்லை. டாக்டர் இளம் பெண். சீழைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளிச்சக் குழலைக் காதில் வைத்தார், பக்கத்தில் இருந்த திரையில் படம் தெரிந்தது. அதைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: "கன் பெரே ஹிலக் தியெனவா."

கன் என்றால் காது. ஹிலக் என்றால் ஓட்டை. பெர என்றால், பதுளை பெரஹெரா ஊர்வலத்தில் அடித்துக்கொண்டு போவார்களே, அந்த மேளம். காது மேளத்தில் ஓட்டை. ஹோல் இன் த டிரம்.

ஏ/எல் என்கிற உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தவள் நான். காதின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, செவிப்பறை என்று குறித்து, முழுப்புள்ளி வாங்கியவள். பறை என்று தமிழ் சொல்கிறது, பெர என்று சிங்களம் சொல்கிறது, டிரம் என்று ஆங்கிலம் சொல்கிறது. மூன்றும் ஒரே தோலைத்தான் சொல்கின்றன. இது ஒருநாளும் என் தலையில் ஏறவில்லை, ஏற்ற யாரும் இல்லை. பாடத்தைத் தமிழில் பாடமாக்க வைத்தார்கள். ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக வைத்து அதற்கு ஆசிரியர் இல்லாமல் பாதி வருஷத்தை ஓட்டினார்கள். பிறகு எங்களைக் கடலுக்கும் பாலைவனத்துக்கும் வேலைக்கு அனுப்புகிறார்கள். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த காதுக்கும் அக்காவின் தலையில் இருந்த காதுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்தத் திரையையே முறைத்துக்கொண்டு நின்றேன். என் மேலும்தான் கோபம். தெரியாததைத் தெரிந்த மாதிரி நினைத்து ஒரு டிரம்மை ஒட்டிவிட்டு வந்தவள் நான்தானே.

டாக்டர், ஓட்டையுள்ள காதுக்கு இப்படி ஸ்பிரிட் ஊற்றியது யார் என்று அதட்டிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தன் அரைகுறைச் சிங்களத்தில், தானே ஊற்றிக்கொண்டதாகச் சொல்லிவிட்டாள். டாக்டரின் சொற்கள் அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தன.

கேட்கும் சக்தி போய்விடவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், ஓட்டையை அடைக்கலாம், காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சவ்வெடுத்து ஒட்டுவார்கள். ஆனால் அதற்கு முன் காது மூன்று மாதம் காய்ந்து இருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது, ஒரு தடவை ஓடக் கூடாது. விட்டுவிட்டால் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் உள்ளே இருக்கிற சின்ன எலும்புகளை அரித்துக்கொண்டே போகும், பிறகு அடைத்தும் பயனில்லை. ஒரு காது மருந்தும், குளிக்கும்போது வஸ்லின் தடவிய பஞ்சால் காதை அடைக்கிற விதமும் சொல்லிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அக்கா விரல் விட்டு எண்ணினாள். "ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. நல்லா பாத்துத்தான் மாசம் குடுத்திருக்காங்க. நமுனுகுல மலையே ஊறிக் கெடக்கும், என் காது மட்டும் காயணுமாம்." பிறகு, தை பிறக்கட்டும் பார்ப்போம் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். இருபது வருஷமாக எல்லாரும் தை பிறக்கட்டும் என்றுதான் சொன்னார்கள் என்றேன். அவள் செவிட்டுக் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"மழையில கொழுந்து எடுக்காம வீட்லயே இருன்னு சொல்லுவியா? ஒனக்குத் தெரிஞ்ச வேலைதானே, தண்ணி போகாம ஒரு வழி சொல்லேன்."

அதைத்தான் தீவுக்குத் திரும்பியும் யோசித்துக்கொண்டிருந்தேன். பஞ்சு மட்டும் வைத்தால் கொங்காணிக்குள் வேர்வையிலும் சாரலிலும் நழுவிவிடும். தலையையும் முதுகையும் மூடுகிற அந்த மழைத் துணி மதியத்துக்குள் தானே ஊறிப்போகும். மார்க்கோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இந்த முறை படம் வரைந்து. நீல டிரம் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு விருந்தாளியிடமும் இனி காதைத் தொட்டுக் காட்டித்தான் கேட்பேன் என்றார்.

நாங்கள் கடலில் போடுகிற உடுப்பு கறுப்பு ரப்பர். உடம்போடு இறுகிப் பிடிக்கும். என்னிடம் இருப்பது ஒன்றுதான், சென்டரில் கழித்துக் கொடுத்த பழையது. அதன் வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டினேன். நெடுக்காகப் பிளந்து, தலையைச் சுற்றிக் காதுகளை மூடுகிற மாதிரி பட்டி தைத்தேன். இடது பக்கம் ஒரு துளை விட்டேன், நல்ல காது திறந்திருக்க வேண்டும். வலது பக்கம் துளை இல்லை. உள்ளே பஞ்சு, மேலே பட்டி, அதற்கு மேல் கொங்காணி. இங்கே சமையலறையில் வேலை செய்யும் பண்டாரவளைப் பையன் லீவில் போனான், அவனிடம் கொடுத்தனுப்பினேன். நேற்று அக்காவுக்குக் கிடைத்துவிட்டது. போட்டுப் பார்த்துவிட்டு, மலையில் எல்லாரும் கேட்டால் என்ன சொல்வது என்று போனில் கேட்டாள். கடலிலிருந்து வந்தது என்று சொல்லச் சொன்னேன். இது தாங்குமா, இரண்டாம் நாளே நனைந்து காது ஓடுமா, எனக்குத் தெரியாது. இந்த முறை தெரிந்த மாதிரி நினைத்துக்கொள்ளவும் இல்லை. ஓடினால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுவோம்.

நமுனுகுலையில் மழை தொடங்கிவிட்டதாம். நாளை காலை அக்கா, வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, அந்தப் பட்டியோடு மலையேறுவாள். அரை மணி பின்னால் ஓடுகிற இந்தத் தீவில், அதே நேரத்துக்கு நான் ஒரு கை குட்டையான உடுப்போடு கடலில் இறங்குவேன். வலது கையில் மட்டும் தண்ணீர் குளிரும். ஏறி வந்து, தலையைச் சாய்த்து ஐந்து நிமிஷம், மறுபக்கம் ஐந்து நிமிஷம். பின்னேரம் போன் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: காஞ்சிருக்கா?