மூன்றாவது ஊசி

சரக்குக் கப்பலில் எல்லோரும் அவனைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தமே இல்லாமல் வந்து நிற்பான், சட்டி பானையைக் கழுவுவான், போய்விடுவான். சமையலறையில் தலைமைச் சமையல்காரர் அவனுடைய அக்கா கணவர். கம்பெனிக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இவனுக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

கொள்ளைநோய் பரவிய வருஷம் மாமா விடுப்பில் வீட்டுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். கப்பலில் இருந்த பூனைக்கு யோகம் அடித்தது. ஒரு பணக்காரத் துறைமுகத்தில் நர்ஸம்மா பெட்டியோடு ஏறி வந்து எல்லோருக்கும் தடுப்பூசி போட்டாள். அடுத்த தடவை வந்தபோது இரண்டாவதும் போட்டாயிற்று. மாமா வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி வாசலிலோ, 'ஊசி வரவில்லை' என்ற அட்டை மாதக்கணக்காகத் தொங்கியது.

வியாபாரம் மறுபடி சூடுபிடித்தது. ஊசி போட்டவர்களுக்குத்தான் இனி வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டது. மாமாவின் இடம் பூனைக்கு வந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொன்னால் மட்டும் மாமாவைக் கூப்பிடவா போகிறார்கள் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? மாமா இப்போது தெருமுனையில் முட்டை விற்கிறார் என்று அக்கா சொன்ன அன்று, தான் சமைத்த சாப்பாட்டைத் தொடாமலே எழுந்துவிட்டான்.

நேற்று அதே துறைமுகம், அதே நர்ஸம்மா. மூன்றாவது ஊசியாம்.

"எனக்கு ரெண்டு போட்டாச்சேம்மா."

"நிறைய இருக்குப்பா, போட்டுக்கோ. இல்லன்னா சாயங்காலம் குப்பையிலதான் கொட்டணும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வரிசையில் நின்றான்.

அன்று மதியமே மாமா வீடியோவில் வந்தார். கையில்லாத பனியனோடு அடுப்படியில் நின்றவன், பேச்சுவாக்கில் மேல்தட்டிலிருந்த டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினான். பிளாஸ்திரி தெரிந்துவிட்டது.

"தோள்ல என்ன மாப்ள?"

"எண்ணெய் தெறிச்சிடுச்சு மாமா."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுப்போடு ஆயுசைக் கழித்த மனுஷனிடம் போய் இந்தக் கதையா! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன்கூட இவனைவிடக் கெட்டிக்காரன்.

"தோள் வரைக்குமா தெறிச்சுது?"

பூனை சட்டென்று கையை இறக்கிக்கொண்டான். மாமாவின் கண் அந்தப் பிளாஸ்திரியை விட்டு நகரவில்லை. பின்னால் அக்காவின் குரல் பதறியது.

"என்னங்க, என்னாச்சு அவனுக்கு?"

"ஒண்ணுமில்ல. எண்ணெய் பட்டிருக்கு, லேசாத்தான்," என்றார் மாமா அவளிடம். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ராத்திரி காய்ச்சல் அடிக்கும் மாப்ள. மாத்திரை போட்டுட்டுப் படு."

எண்ணெய் பட்டதற்கு யாருக்குக் காய்ச்சல் வருகிறது? நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.