ஆறாம் நம்பர் பவுடர்

1. பை மூடாத மதியம்

பையின் வாய் மூடவில்லை. பாலாநகரில் எங்கள் சுண்ணாம்புப் பவுடர் கம்பெனிக்குள் அன்று மதியம் நான் நுழைந்தபோது அந்தக் கூத்துதான் நடந்துகொண்டிருந்தது. பேக்கிங் பெண்கள் வழக்கமான எடைக்கு நிறுத்துக் கொட்டுகிறார்கள். பவுடர் பையின் கழுத்தைத் தாண்டிப் பொங்கி நிற்கிறது. ஒருத்தி முழங்காலை வைத்து அமுக்கினாள். கால் உள்ளே போயிற்றே தவிர, தைக்கிற மெஷினுக்கு விளிம்பு கிடைக்கவில்லை.

முதலாளி ராவ்காரு ஒரு பிடி பவுடரோடு நின்றார். தெலுங்கு, ஹிந்தி, தமிழ் மூன்றையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிறவர்.

"க்யா மேஸ்திரி, இது பவுடரா, பஞ்சா? பெயின்ட் கம்பெனிக்கு நான் தலகாணி அனுப்பணுமா?"

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கோவில்பட்டிப் பக்கத்துச் சுண்ணாம்புக் காளவாசலில் கல் அடுக்கி வளர்ந்தவன். ஹைதராபாத்துக்கு வந்து அதே சுண்ணாம்பை வைத்தே மேஸ்திரி ஆனேன், பிளான்ட் இன்சார்ஜ் ஆனேன், பிற்பாடு அல்வாலில் சொந்த வீடும் கட்டினேன். கார்பனேஷன் டாங்கில் என்னை மிஞ்சியவன் பாலாநகரில் இருந்ததில்லை. இருந்தால் வரச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

வேலை இதுதான். கல்சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றினால் கொதித்துப் பொங்கி வெள்ளைப் பாலாகும். அதை வடிகட்டி டாங்கில் ஏற்றி, அடியிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு காஸ் விடுவோம். பால் பவுடராக இறங்கும். அதைப் பிழிந்து காய வைத்தால் சரக்கு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பால் ஆறிய பிறகு காஸ் விட்டால் பவுடர் பொடி மணியாக வரும். சுடச்சுட இருக்கும்போது மெதுவாக விட்டால் வேறு உருவம் எடுத்துக்கொள்ளும். உள்ளே போகிற சரக்கு ஒன்றுதான். சூடும் காஸும்தான் அதற்கு முகம் வரைகின்றன. பெயின்ட்டுக்கு மணிதான் வேண்டும்.

காஸ் வால்வை எப்போதும் நானே திறப்பேன். முந்தின நாள் மட்டும் முடியவில்லை. அப்போது அல்வாலில் புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டில் மறுநாள் காலை பால் காய்ச்ச வேண்டும், சாமான் ஏற்ற வேண்டும். அதனால் ஆபரேட்டர் மல்லேஷிடம் சொல்லிவிட்டுப் போனேன். மெதக் பக்கத்துப் பையன்; என்னிடம்தான் வேலையும் தமிழும் கற்றுக்கொண்டிருந்தான். "இவனுக்கு நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவனும் நானே. பிளான்ட்டுக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த ரூமில் அப்பா அம்மாவையும் கொண்டுவந்து வைத்திருந்தான்.

2. இரண்டுக்கும் ஒரே சொல்

"ஏலே மல்லேஷ், என்னலே பண்ணித் தொலைச்ச?"

"நீ சொன்னதுதான் அன்னா பண்ணேன். பால் ஆறு, காஸ் விடுன்னு சொன்னாவு. வாட்ச் சூசித்தான் விட்டேன். ஒரு நிமிஷம் லேட் லேது."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "பால் ஆறுனதும் காஸ் விடு" என்றுதான் சொல்லியிருந்தேன். தெலுங்கிலும் ஆறு என்றால் எண் ஆறுதான். சாயங்காலம் ஆறு மணி அடித்ததும் இவன் வால்வைத் திறந்திருக்கிறான். சித்திரை வெயில், பாலை ஆற்றுகிற காயிலில் ஓடும் தண்ணீரே சுடுகிற நாள். பால் கொதி அடங்கவே இல்லை. போதாததற்கு வோல்டேஜ் குறைந்து, காஸ் தள்ளும் கம்ப்ரஸர் முனகிக்கொண்டிருந்ததாம். இரவு ஷிப்ட்காரர்கள் அப்படியே பிழிந்து, டிரையரில் போட்டு எடுத்துவிட்டார்கள்.

"ஆறுனதும்னா சூடு தணிஞ்சதும்லே! மணி ஆறு இல்ல!"

"சூடு தணியறதுக்கு ஆறுன்னா, மணிக்கு ஏமி சொல்வீங்க?"

"அதுக்கும் ஆறுதாம்லே."

"ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சா நான் என்ன செய்றது அன்னா?"

பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சரக்கு பரிசோதிக்க வந்திருந்த வசந்தி மேடமும் சிரித்துவிட்டார். தார்நாகாவிலிருந்து எங்கள் லேபுக்கு வருகிறவர், கெமிஸ்ட்ரியில் பெரிய படிப்பு. "நதிக்கும் ஆறுதான் மல்லேஷ். நல்லவேளை, மேஸ்திரி உன்னை மூசி ஆத்துல தள்ளாம விட்டாரு" என்றார்.

ராவ்காரு சிரிக்கவில்லை. "பாஷை கிளாஸ் எனக்கு நக்கோ, வேணாம். இவனை இன்னைக்கே அனுப்பு. ரூம் காலி பண்ணச் சொல்லு."

மல்லேஷ் என் முகத்தைப் பார்த்தான். ரூமுக்கு வெளியே அவன் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. "என் ஆள் முதலாளி, அவனை அனுப்புனா என்னையும் சேர்த்து அனுப்புங்க" என்றேன். வீறாப்புக்குச் சொல்லவில்லை, நான் இல்லாமல் அந்த டாங்க் ஓடாது, அது அவருக்கும் தெரியும்.

அதற்குள் வசந்தி மேடம் லேபுக்குப் போய் பவுடரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

"மேஸ்திரி, இங்க வந்து பாருங்க. ஊசி! மொத்தமும் ஊசி!"

குனிந்து பார்த்தேன். டப்பியைக் கவிழ்த்துக் கொட்டின மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக ஊசிகள். அதனால்தான் அமுங்கவில்லை, இடையெல்லாம் காற்று.

"பேப்பர் கம்பெனிக்காரங்க இதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்குப் பீக்கர்ல வருது, டாங்க்ல வரவே மாட்டேங்குது. எப்படிப் பண்ணினீங்க?"

ராவ்காரு யோசித்தார். "ஒருதரம் வந்தா அது தப்பு. ரெண்டாவது தரம் வந்தாதான் மால், விக்கிற சரக்கு. பண்ணிக் காட்டுங்க. வந்தா பையன் இருக்கட்டும்."

3. ஹுக்கா சத்தம்

மறுநாள் நான் சுண்ணாம்பை நீற்றிக் கொடுத்தேன். கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரைப் பாலுக்குள் விட்டு, "அறுபதுக்கு மேல நிக்குதுலே" என்றேன். எண்ணைத் தவிர வேறு சொல் வாயிலிருந்து வரக்கூடாது என்று வைராக்கியம். வால்வு மல்லேஷுடையது. அன்று எவ்வளவு திறந்தான் என்பது அவன் கைக்குத்தான் தெரியும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

திறந்தான். முகம் சுருங்கியது. "இந்த சத்தம் இல்ல அன்னா. அன்னைக்கு ஹுக்கா மாதிரி குடுகுடுன்னு வந்துச்சு. இது குக்கர் மாதிரி இருக்கு."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இன்று வோல்டேஜ் முழுசாக இருந்தது, கம்ப்ரஸர் முழு வேகத்தில் தள்ளியது. ஓடிப்போய் பைபாஸைத் திறந்து பாதிக் காஸை வெளியே விட்டேன். டாங்க் குடுகுடு என்றது. "ஹவ், ஆமா அன்னா, இதே, இதே!" என்று மல்லேஷ் குதித்தான்.

அந்தப் பவுடர் பேக்கிங்குக்கு வந்தபோது கம்பெனி முழுக்கச் சுற்றி நின்றது. எடை போட்டார்கள், கொட்டினார்கள். ராவ்காரு வேட்டியை மடித்துக்கொண்டு தானே முழங்காலை வைத்து அமுக்கினார். மூடவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். மூடவே இல்லை. பெண்கள் கைதட்டினார்கள். ஒரு பை மூடாததற்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

முழங்காலில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிக்கொண்டே ராவ்காரு சொன்னார்: "பெரிய பை வாங்கு மேஸ்திரி."

மல்லேஷ் வேலையில் இருக்கிறான் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

அந்தச் சரக்குக்கு நாங்கள் வைத்த பெயர் ஆறாம் நம்பர். இன்றைக்கும் பையில் அப்படித்தான் அச்சாகிறது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிறது. ரிட்டையர் ஆன பிறகும் விட மனசில்லாமல் போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். புது இன்ஜினியர் ஒருவர், தமிழ்ப் பிள்ளைதான், "சார், ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நம்பர் எங்கே?" என்று கேட்டார். "அதெல்லாம் கடிகாரத்துல இருக்கு தம்பி" என்றேன்.

பிளான்ட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆறினதும், கொஞ்சம், சீக்கிரம் என்றெல்லாம் சொல்லாதீர்கள். டிகிரியைச் சொல்லுங்கள். சொன்னதை எதிரே நிற்பவன் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

மல்லேஷ்தான் இப்போது அங்கே பிளான்ட் இன்சார்ஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போவேன். ஆறுக்கு வருகிறேன் என்று போனில் சொன்னால், "மணியா அன்னா, சூடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பான்.