கசியாத கை

சுவரில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, நடுவிரல் முட்டியால் தட்டியபடியே நகர்கிறார் நுரையக்கா. டொக், டொக், டொக். வீட்டார் “வாங்க வாங்க” என்று சொன்னதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. காப்பியா டீயா என்று கேட்டதும் காதில் விழவில்லை. ஓரிடத்தில் ஓசை மாறும். நிற்பார், பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அப்புறம்தான் திரும்பி, அப்போதுதான் வாசலைத் தாண்டி வந்தவர்போல, “வணக்கங்க, எல்லாரும் சௌக்கியமா?” என்பார். ஆளை விசாரிக்கும் முன் சுவரை விசாரிப்பது அவர் வழக்கம். “ஆளுங்க சத்தியம் பண்ணுவாங்க, உள்ள ஒயரே போகலன்னு. துளை போட்டா பொறி பறக்கும். சுவருக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க.”

ஸ்பிளிட் ஏசி மாட்டுவது அவர் தொழில். அதிலும் இப்போது எல்லோரும் கேட்பது கோடையில் குளிரும் பனிக்காலத்தில் சூடும் தருகிற மிஷினைத்தான். குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புநுரையைத் தடவி, முகத்தை அருகில் கொண்டுபோய், குமிழி வருகிறதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி வந்த பெயர் ‘நுரையக்கா’. அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்கு அவரைக் கைகாட்டுகிறார்கள். நல்ல ஆகிருதி. அவர் ஏணியில் ஏறினால் ஏணி ஒரு வார்த்தை முனகும். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பவர் அவருடைய வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் முன்பு பஸ் ஓட்டியவர். இப்போது மனைவியின் வேனை ஓட்டுகிறார். யாராவது “நீங்க?” என்று கேட்டால் “டிரைவர்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மனைவிக்குச் சேரவேண்டிய பேரில் ஒரு துளியும் தன் மேல் சிந்திவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். ஆனால் தனியாக அகப்பட்டால் வாய் மூடாது. அக்கா எப்படிச் சுவரில் துளையை வெளிப்பக்கம் லேசாகச் சரித்துப் போடுவார், அதனால் தண்ணீர் எப்படி வீட்டுக்குள் திரும்பாமல் வெளியே போகும் என்பதை, பெற்ற பிள்ளை பரிசு வாங்கிய கதைபோலச் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், பார்க்கவே நன்றாக இருக்கும்.

அக்காவிடம் விசித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. மெயினை அணைத்து, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொள்வார். அதோடு விடமாட்டார். டெஸ்டரை முதலில் வேனிலிருக்கும் இன்வெர்ட்டர் பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பார். பிறகுதான் ஒயரில் வைப்பார். “டெஸ்டர் எரியலன்னா ஒயர் செத்திருக்கலாம், டெஸ்டரும் செத்திருக்கலாம். ரெண்டுல எது செத்துதுன்னு தெரியாம கை வச்சா மூணாவதா நான்தான்.” வெளி மிஷினுக்கான இரும்புத் தாங்கியைத் தரையோரமாகச் சுவரில் பொருத்தினால், அதன்மேல் தானே ஏறி அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டு டீ குடிப்பார். “என்னையே தாங்குது, மிஷின் என்ன பெரிய எடை!” என்று சிரிப்பார். உயரத்தில் என்றால் அமர மாட்டார். பெல்ட் கட்டிக்கொண்டு, மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்.

சிரிப்பெல்லாம் கேஸ் விஷயம் வரும்வரைதான். இப்போது வரும் மிஷின்களின் கேஸ் தீப்பிடிக்கக் கூடியது. அவர் வேலை செய்யும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. குழாய் கசிகிறதா என்று பார்க்க நைட்ரஜனைத்தான் ஏற்றுவார். ஒருமுறை கடையில் நைட்ரஜன் தீர்ந்துபோய், ஆக்சிஜன் சிலிண்டரை அனுப்பிவிட்டார்கள். கொண்டுவந்த ஆள், “எல்லாம் காத்துதானேக்கா” என்றான். வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். அக்கா அந்த சிலிண்டரை இறக்கவே விடவில்லையாம். “மிஷினுக்குள்ள எண்ணெய் இருக்கு. அதுல ஆக்சிஜன ஏத்தினா அதுக்குப் பேரு டெஸ்ட் இல்ல, வெடிகுண்டு. திருப்பிக் கொண்டுபோ ராசா” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அன்று அந்த வீட்டு வேலை நின்றது. நின்றால் நிற்கட்டும் என்றார்.

இருவருக்கும் இடையில் ஒரு சடங்கு உண்டு. செம்புக்குழாயின் வாயைக் கருவியால் பூப்போல விரித்துத்தான் இன்னொரு குழாயோடு சேர்க்க வேண்டும். விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்திருக்க வேண்டும். விரித்தபிறகு நட்டு ஏறாது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் என்றைக்காவது இதை மறந்து தலையில் அடித்துக்கொண்டவர்கள்தான். அதனால் அக்கா கருவியை எடுத்ததும் வீட்டுக்காரர் கேட்பார்: “நட்டு?” அக்கா சொல்வார்: “இருக்கு.” மாடியிலும் கேட்கும், மழையிலும் கேட்கும், இருவருக்கும் சண்டை நடந்து பேச்சுவார்த்தை இல்லாத நாளிலும் இது மட்டும் கேட்கும்.

போன பனிக்காலத்தில் ஒரு மாடி வீடு. குறைமாதத்தில் பிறந்த குழந்தை. ஆஸ்பத்திரியிலேயே பல நாள் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வீட்டுக்கு வருகிறது. அறை கதகதப்பாக இருந்தால்தான் அனுப்புவோம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியில். வீட்டில் இருந்தது குழந்தையின் பெரியப்பா மட்டும். பரபரப்பான மனுஷர், கையில் போன், காலில் சக்கரம். “நுரையக்கான்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்னு சொன்னாங்க” என்று வரவேற்றார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர் குழாயை விரிக்கப்போகும்போது பெரியப்பா போனைத் தூக்கினார். “குடும்ப குரூப்ல போடணும்மா. கொஞ்சம் இப்படிக் காட்டுங்க, வெளிச்சத்துல.” வெட்டிய குழாயின் விளிம்பில் பிசிறு இருக்கும். அதைக் கத்தியால் வழிக்கும்போது குழாயின் வாய் கீழே பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் செம்புத்தூள் வெளியே உதிரும். அக்கா பாடம்போலச் சொல்லுகிற விஷயம். அன்றைக்குப் போனுக்குத் தெரியட்டும் என்று வாயை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே வழித்தார். “பாருங்க, கண்ணாடி மாதிரி. இந்தக் கை போட்ட ஜாயின்ட் கசிஞ்சதா இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல!” என்று போனைப் பார்த்துச் சிரித்தார். “நட்டு?” என்றார் வீட்டுக்காரர். “இருக்கு, இருக்கு.” நட்டு இருக்கத்தான் செய்தது. வீடியோ அழகாக முடிய வேண்டுமே என்று, நுரை பார்க்கும் முன்பே அந்த இணைப்பின்மேல் உறையைச் சுற்றி, டேப் ஒட்டி, உள் மிஷினைச் சுவரோடு சேர்த்துவிட்டார்.

நைட்ரஜன் ஏற்றியாயிற்று. அழுத்தம் காட்டும் கேஜின் முள் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு. இனி காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அக்கா முள்ளைப் பார்க்க மாட்டார், பார்க்கவும் விடமாட்டார். “பாத்துக்கிட்டே இருந்தா நம்ம கண்ணே முள்ளத் தூக்கிப் பிடிக்கும்.” வெளி ஒயர் வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தார்கள். முள் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதிகமில்லை, ஒரு முடி அளவு.

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “வெயில் போயிடுச்சும்மா. குளிர்ந்தா முள்ளு இறங்கும்ல?” என்றார். பொய்யில்லை, குளிர்ந்தால் இறங்கத்தான் செய்யும். பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டார். “அதான! முடியளவுதான? போட்டு விடுங்கம்மா. கார் கிளம்பிடுச்சாம். புள்ள வந்துக்கிட்டு இருக்கு.”

அக்கா ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளி இணைப்புகளில் நுரை தடவினார். குமிழி இல்லை. திரும்பி வந்து சுவரில் அழகாக மாட்டியிருந்த உள் மிஷினை நிமிர்ந்து பார்த்தார். “நுரை பாக்காம உறை சுத்தினது நான்தான்” என்றார் மெதுவாக. “கழட்டணும்.”

மிஷினை முன்னுக்கு இழுத்து, டேப்பை அறுத்து, உறையைப் பிரித்து, நுரை தடவினார். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். குண்டூசித் தலை அளவில் ஒரு குமிழி எழும்பியது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. வீடியோவில் சிரித்துக்கொண்டே போட்ட அதே இணைப்பு.

யானைக்கும் அடி சறுக்கும் என்று வாயால் சொல்வது எளிது. சறுக்கிய யானையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமை, அந்தக் குமிழியில் உடைந்துபோனதுபோல இருந்தது அவருக்கு.

வாசலில் கார் வந்து நின்றது. “இப்போதைக்கு ஓட விடுங்கம்மா, நாளைக்கு வந்து சரி பண்ணுங்க” என்று பெரியப்பா கெஞ்சினார். கேஸ் கசிகிற அறையில் குழந்தையா? அக்கா தலையை ஆட்டினார். எந்த வீட்டிலும் சமாதானம் சொல்லும் வேலை வீட்டுக்காரருடையது. அவர் கிளம்பினார். “நீங்க இருங்க” என்று நிறுத்திவிட்டு அக்காவே இறங்கிப் போனார். முதலில் காருக்குப் போகவில்லை. முன்பின் தெரியாத எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, “உங்க வீட்ல ஹீட்டர் ஓடுதாங்க? ஒரு பச்சப்புள்ளைக்குக் கொஞ்ச நேரம் இடம் வேணும்” என்று கேட்டார். அவர்கள் உடனே கதவை அகலத் திறந்தார்கள். அப்புறம்தான் காரின் கண்ணாடியருகில் குனிந்தார்.

“தங்கச்சி, தப்பு என்னுது. மிஷின் மேல குத்தமில்ல. நான் போட்ட ஜாயின்ட் கசியுது. வெட்டிட்டுப் புதுசா போடணும். அதுவரைக்கும் எதிர்வீட்ல இருங்க. சூடா இருக்கு, கேட்டுட்டேன்.”

பிள்ளையை மார்போடு அணைத்திருந்த அந்தப் பெண் களைத்த கண்ணால் அவரைப் பார்த்தாள். “இன்னைக்கே ஆயிடுமாக்கா?”

“சரியா இருந்தா ஆயிடும். சரியா இல்லன்னா, ஆயிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

மாடியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நைட்ரஜனை ஜன்னல் பக்கமாக மெல்ல வெளியேற்றினார்கள். அக்கா இணைப்பைக் கழற்றி, விரித்த வாயை வெளிச்சத்தில் திருப்பினார். உள் வளைவில் நகக்கீறல்போல ஒரு கோடு. மேலே தூக்கிக் காட்டி வழித்தபோது உள்ளே விழுந்த செம்புத்துணுக்கு, விரிக்கும்போது நசுங்கி இழுத்த கோடு அது. அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துணுக்கு ஒன்று மட்டுமா விழுந்திருக்கும்? இரண்டு முனைகளையும் கழற்றிக் குழாய்க்குள் நைட்ரஜனை ஊதி, எதிர்முனையில் துணியைப் பிடிக்கச் சொன்னார். துணியில் பொன்போலச் சில பொடிகள் மின்னின. மறுபடி ஊதினார், மறுபடியும். துணி சுத்தமாக வரும்வரை விடவில்லை.

கருவியை எடுத்தார். வழக்கமான கேள்வி வரவில்லை. வீட்டுக்காரருக்குக் கேட்க வாய் எழவில்லை, இந்த நேரத்தில் கேட்டால் குத்திக்காட்டுவதுபோல ஆகிவிடுமோ என்று. அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“கேளுங்க.”

“…நட்டு?”

“இருக்கு.”

குழாயின் வாய் தரையைப் பார்த்திருக்க, பிசிறை வழித்தார். விரித்தார், சேர்த்தார். இறுக்கம் சரியானதும் ஓசை எழுப்பும் டார்க் ஸ்பேனர் ‘டிக்’ என்று சொல்லும்வரை முறுக்கினார், அதற்குமேல் ஒரு இழை கூட இல்லை. நைட்ரஜன், பேனாக்கோடு, காத்திருப்பு. முள் கோட்டின் மேலேயே கிடந்தது. இணைப்பு ஒவ்வொன்றிலும் நுரை. ஒரு குமிழிகூட இல்லை. அதன்பிறகு வேக்குவம் பம்ப், குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க. பெரியப்பா இப்போது அவசரப்படுத்தவில்லை. பம்பின் பக்கத்தில் குத்தவைத்து, தானும் வேலையில் ஒரு ஆள்போல அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மிஷின் ஓடியது. முதலில் வெறும் காற்று, பிறகு வெதுவெதுப்பு. அக்கா உள்ளங்கையை நம்பாமல், குளிக்கிற வெந்நீர் பதம் பார்ப்பதுபோல மணிக்கட்டை நீட்டிப் பார்த்தார். காற்று கட்டிலின்மேல் நேராக விழாதபடி மடலை மேலே திருப்பிவிட்டார். சுவர் தொட்டால் சில்லிடாத அளவுக்கு அறை சூடேறியபிறகுதான் எதிர்வீட்டுக்கு ஆள் போனது. குழந்தையைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஒரு சாண் பிள்ளை. கொட்டாவி விட்டது, முஷ்டியை அவிழ்த்தது, தூங்கிப்போனது. வீட்டுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கருவிகளைக் கட்டும்போது பெரியப்பா போனோடு வந்தார். குரல் தணிந்திருந்தது. “அம்மா, அந்த வீடியோவ அழிச்சிடறேன். குரூப்ல இன்னும் போடல. நாலு பேர் தப்பாப் பேசக் கூடாது பாருங்க.” நல்ல மனசோடுதான் சொன்னார். வீட்டுக்காரர், அப்பாடா என்று அவருக்குக் கும்பிடு போட்டார்.

“அழிக்காதீங்கண்ணே” என்றார் அக்கா. சட்டைப் பையிலிருந்து வெட்டிய செம்புத்துண்டை எடுத்தார். “இதையும் எடுங்க. அதையும் இதையும் சேத்தே போடுங்க. போனுக்காக வாய மேல தூக்கிப் புடிச்சா என்ன ஆகும்னு பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்.”

“சரிம்மா. கைய மட்டும் எடுக்கறேன்.”

“அதுல மூஞ்சி இருந்துச்சுல்ல? இதுலயும் இருக்கட்டும்.”

நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கீறல் தெரியும்படி துண்டைக் கன்னத்தருகே பிடித்து, தாடையை நிமிர்த்தி நின்றார். பெரியப்பா போனை உயர்த்தினார். வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் கருவிப் பையைக் கீழே வைத்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, போய் மனைவிக்குப் பக்கத்தில் தோளோடு தோளாக நின்றார்.